மகன் பெட்டியில் லினக்ஸ் போட்டது

பிப்ரவரி 8, ஞாயிறு
காலையில் பனி. பூசை முடிந்து வெளியே வரும்போது வெயில் ஏறிவிட்டது.

இன்று பூந்தமல்லி கோயில் ஹாலில் இருந்தவர்கள்: நான். மருமகள் ஸ்டெல்லா. பேத்தி பிரின்சி. ஸ்டெல்லாவின் தம்பி பீட்டர். பக்கத்து வீட்டு பிலோமினா, எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பங்குச் சாமியார், ஜெபம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாடம் நடத்திய கவிதா, நசரத்பேட்டை ஃப்ளாட்டில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவளோடு வந்த இரண்டு பேர், பெயர் கேட்கவில்லை. மற்றபடி பழைய லேப்டாப்பைத் தூக்கி வந்த பங்கு ஜனங்கள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று எப்போது கேட்டாலும் சொல்வேன்.

பெட்டி என் மகன் சேவியருடையது. லேப்டாப்பை நான் பெட்டி என்றுதான் எழுதுவேன், கை வலி. அவன் கண் மூடி, வருகிற 21ஆம் தேதியோடு ஒரு வருஷம். நேற்று வரை பெட்டி திறப்பதற்குள் சோறு வெந்துவிடும், அவ்வளவு நேரம். பிரின்சிக்குக் காலேஜில் ப்ராஜக்ட். புதுசுக்கு வழியில்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழைய பெட்டியும் அதில் ஓடும், இலவசம், யாரும் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், திருத்தலாம் என்று போன ஞாயிறு அறிவிப்பு வாசித்தார்கள். சீட்டும் கொடுத்தார்கள். அதில் இரண்டு விஷயம். பெட்டியில் இருப்பதை நகல் எடுத்து வைக்கவும். ஒரு பென்டிரைவ் கொண்டு வரவும்.

பீட்டர் சிவப்புக் கலரில் ஒன்று வாங்கி வந்தான். நேற்று பிரின்சி எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். காரணம் இருக்கிறது.

சேவியருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இந்தப் பெட்டியில் எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பேசி வைத்தான். ஸ்டெல்லாவும் பிரின்சியும் அவரவருடையதை அப்போதே கேட்டுவிட்டார்கள். போனிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஆள் எதிரில் இருக்கும்போது பெட்டியை எதற்குக் கேட்பது. அப்புறம் ஆள் போய்விட்டான். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் வருஷப் பூசை வரைக்கும் பாட்டு, டிவி, ரேடியோ கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. அதனால் அதையும் வருஷப் பூசை அன்றைக்குக் கேட்பதாக வைத்தேன். அதுவரை வேறு யாரும் தொடக் கூடாது, போனில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சொன்னது, நான்தான் கேட்க வேண்டும்.

கவிதா பேசியதில் மனதில் நின்றவை:

அவசரப்பட்டுப் போடக் கூடாது. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பெட்டியில் ஒன்றும் மாறாது. வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துப் பிடித்தால் போடலாம்.

சார்ஜர் சொருகியே இருக்கட்டும். பாதியில் நின்றால் பழசும் இல்லை, புதுசும் இல்லை.

பழைய ப்ரோக்ராம் அப்படியே வராது. அந்த வேலைக்கு வேறொன்று இருக்கும், பெயர் மாறும்.

எதை அழிக்கிறோம் என்று படித்துவிட்டு 'சரி' அழுத்த வேண்டும். இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பிலோமினா தூங்கினாள்.

கவிதா எங்கள் மேசைக்கு வந்தாள்.

"ஆச்சி, பெட்டில உள்ளதெல்லாம் காப்பி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

"பென்டிரைவ் இருக்கா?"

"இந்தா கீது மேடம்" என்று பீட்டர் நீட்டினான்.

வாங்கிப்போய்த் தன் பெட்டியில் சொருகி லினக்ஸ் எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் பெட்டியில் சொருகினாள். பழசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடலாமா, முழுசும் அழித்துவிட்டுப் போடலாமா என்று திரையில் கேட்டது. ஸ்டெல்லா, "அழிச்சிடுங்க மேடம், அதான் காப்பி கீதே" என்றாள். ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நடுவில் படம் படமாகக் காட்டியது.

"இன்னா லூர்து, துட்டு கேக்குமா இது?" என்று பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"கேக்காதாம்."

"கேக்காம எவன் குடுப்பான். கடசில ஊட்டுப் பத்திரத்த கேக்கும் பாரு."

இவள் பேசுகிறாள். பிரின்சி பிறந்த வருஷம் எங்களிடம் இரவல் வாங்கிய அண்டா இன்னும் அவள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது.

பெட்டி இப்போது சீக்கிரம் திறக்கிறது. ஷேர் ஆட்டோவில் வந்தோம். கால் வீக்கம்.


பிப். 9, திங்கள்
மேகம். மெட்ரோ வேலைத் தூசி ஜன்னல் பூராவும்.

காலையில் பிரின்சி சிவப்புப் பென்டிரைவைச் சொருகி, பழையதைத் திரும்ப ஏற்ற உட்கார்ந்தாள். திரும்பத் திரும்பப் பிடுங்கிச் சொருகுகிற சத்தம். அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"இன்னாடி?"

"ஒன்னும் இல்ல ஆயா."

அவள் அப்பனும் இப்படித்தான் சொல்வான். போய்ப் பார்த்தேன்.

"இதுல அவங்க எழுதுன லினக்ஸ்தான் ஆயா கீது. நம்மளது ஒன்னு கூட இல்ல."

சீட்டில் இருந்தது இரண்டு விஷயம். நாங்கள் இரண்டுக்கும் ஒரே பென்டிரைவைக் கொண்டு போயிருக்கிறோம். லினக்ஸ் எழுதினால் பென்டிரைவில் முன்னால் இருந்தது அழிந்துவிடுமாம். நகல் அங்கே போனது. அப்புறம் அதையே பெட்டியில் சொருகி, பெட்டியையும் நாங்களே அழிக்கச் சொன்னோம். அசலும் போனது.

ஸ்டெல்லா தம்பிக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்டது.

"ஏன்டா, ரெண்டா வாங்கியாந்தா இன்னாடா?"

"சீட்ல ஒரு பென்டிரைவுனுதான்கா போட்டுகீது. நீயே படி."

"படிச்சவன்டா நீ. கம்பெனிக்குப் போறவன். உனுக்குத் தெரிய வாணாம்?"

"ஏத்துனது உம்பொண்ணு. அழிங்கன்னு சொன்னது நீ. எம்மேல பாயற."

பென்டிரைவ் போன வழி: பிரின்சி பையிலிருந்து ஸ்டெல்லா கைக்கு, ஸ்டெல்லாவிடமிருந்து பீட்டருக்கு, பீட்டரிடமிருந்து கவிதாவுக்கு. எல்லாரையும் குறித்து வைக்கிறேன். பிரின்சி, ஸ்டெல்லா, பீட்டர், கவிதா. சீட்டு அச்சடித்தவர்கள். அறிவிப்பு வாசித்த சாமியார்.

அவர்களுடையது இரண்டும் போனில் பத்திரமாக இருக்கிறது. என்னுடையது மட்டும் இல்லை.

அழுகை வரவில்லை. ரசம் வைத்தேன். கொத்துமல்லி இல்லை. தண்ணீர் லாரி மத்தியானம் வந்தது.


பிப். 10, செவ்வாய்

பிரின்சி சொல்லி, கவிதா சாயந்திரம் ஸ்கூட்டரில் வந்தாள். உட்காரவில்லை.

"மன்னிச்சிருங்க ஆச்சி. எழுதும்போது, இதுல உள்ளதெல்லாம் அழிஞ்சிரும், சரியான்னு கேக்கும். எல்லா பென்டிரைவுக்கும் கேக்கும். நான் வரிசையா சரி சரின்னு அழுத்திட்டே போயிட்டேன். ஒரு தடவ திறந்து பாத்திருக்கணும்."

எல்லாருக்கும் படித்துவிட்டு அழுத்து என்று சொன்னவள். அதை நான் சொல்லவில்லை. அவளே நினைத்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. டீ கொடுத்தேன். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தீர்களா என்று கேட்டாள். நேற்று காலையோடு சரி.

"இனிமே திறக்காதீங்க. அழிஞ்சதுன்னு சொன்னாலும் முழுசா அழியாது ஆச்சி. எது எங்க இருக்குங்கிற பேரு மட்டுந்தான் போயிருக்கும். மெட்ரோவுக்கு எடுக்கப் போற வீட்டு மேலல்லாம் நம்பர் போட்டிருக்காங்கல்லா. நம்பர அழிச்சா வீடு போயிருமா? அங்கனதான் நிக்கும். ஆனா எடம் காலின்னு நெனச்சி மேல தூண் எழுப்பிட்டா போச்சு. பெட்டிய ஓட்ட ஓட்ட அது புதுசு புதுசா எழுதும். இப்பமே லினக்ஸ் கொஞ்ச எடத்துல உக்காந்துட்டு. எங்க உக்காந்திருக்குன்னு பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"எம்மவன் மேல தூண் நிக்குதா இல்லியானு எப்ப தெரியும்?"

"சனிக்கிழம லீவு. வாரேன் ஆச்சி" என்றாள். டீ பாதி அப்படியே இருந்தது.

பெட்டியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். சாவி என்னிடம்.


பிப். 12, வியாழன்
காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் தெருவில்.

பீட்டர் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம்.

"அத்தே, யூடியூப்ல பாத்தேன். ஒரு ப்ரோக்ராம் போட்டா அஞ்சு நிமிசத்துல எல்லாம் திரும்ப வந்துடும். பெட்டிய குடேன்."

"குந்து. பழத்த உரிச்சித் துன்னு."

"இல்லத்தே, நெசமா. நெறைய பேரு பாத்துகீறாங்க."

"பெட்டி மேல கைய வெச்ச, மருமவ தம்பினு பாக்க மாட்டேன் நைனா."

"அந்தப் பொண்ணு அழிச்சிது, அதும் பேச்ச கேக்கற. நம்ம ஊட்டுப் புள்ள சொன்னா ஆவாது."

பிரின்சி கவிதாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்தப் ப்ரோக்ராமைப் பெட்டியில் ஏற்றினால் அதுவே போய் காலி இடத்தில் உட்காரும், எதை மீட்கப் போகிறோமோ அதன் தலையிலேயே என்றாள். நெட்டில் ஒருவன் சொன்னான் என்று எதையும் செய்யக் கூடாது, அது என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் கை வைக்க வேண்டும். இது பெட்டிக்கு மட்டும் சொன்னதில்லை என்று பீட்டரிடம் சொன்னேன். பழத்தை அவனே தின்றுவிட்டுப் போனான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் சேவியர் கை தட்டித்தான் கூப்பிடுவான். ஒரு தட்டு என்றால் ஸ்டெல்லா. இரண்டு தட்டு நான். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன், எனக்கு இன்னாடா பேசி வெச்சிகீற. பெட்டியைக் கையால் காட்டினான். போய்க் கேளு என்கிறான். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்புறம் அதைப்பற்றிப் பேச்சில்லை.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்கணும்.


பிப். 14, சனி

கவிதா காலையிலேயே வந்தாள். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளேயிருந்து பட்டையாக ஒன்றை எடுத்து, ஒயர் வழியாகத் தன் பெட்டியில் சேர்த்தாள். நம் பெட்டியை ஓட்டாமலே உள்ளே இருப்பதை வாசிக்க அதுதான் வழியாம். வாசிக்கத்தான் செய்யும், எழுதாது.

பிலோமினா வாசலில் எட்டிப் பார்த்தாள். பெட்டி வயிறு திறந்து கிடந்தது.

"இன்னா லூர்து, இதுக்கும் ஆபரேசனா?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. பிலோமினா என்ன செய்வதென்று தெரியாமல் முருங்கைக்கீரையை வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் வரைக்கும் ஓடியது. கவிதாவுக்குச் சோறும் கீரையும் போட்டேன். மோர் கேட்டாள், கொடுத்தேன்.

வந்திருக்கிறது. நிறைய. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை.

"பேரெல்லாம் போயிட்டு ஆச்சி. வெறும் நம்பரா வந்திருக்கு. சத்தமா இருக்கதெல்லாம் ஒரு பக்கம் பிரிச்சிட்டேன். அதுல உங்களுது எதுன்னு ஒவ்வொன்னா கேட்டுப் பாத்தாத்தான் தெரியும். இல்லாமலும் இருக்கலாம். முன்னாடியே சொல்லிட்டேன்."

"குடுங்க மேடம், நான் கேட்டு எடுத்து வெக்கிறேன்" என்றாள் ஸ்டெல்லா. எனக்கு உதவத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும்.

"வாணாம்."

"நீ எப்டித்தே கேப்ப? மவுஸ் கூட பிடிக்கத் தெரியாது."

"வருசம் முடியட்டும். நானே கேக்கறேன்."

"அப்ப நீங்களே கத்துக்கிடுங்க" என்றாள் கவிதா. இரண்டு புது பென்டிரைவில் நகல் எடுத்தாள். ஒன்றை என்னிடமே கொடுத்தாள், ஒன்றை ஸ்டெல்லாவிடம். மூன்றாவது நகல் அவளிடம். வேறு வேறு இடத்தில் இல்லாத நகல் நகலே இல்லை என்றாள். இதை அந்தச் சீட்டில் போட்டிருக்கலாம்.

அப்புறம் பட்டையைப் பெட்டியில் திரும்ப வைத்து மூடினாள். பெட்டியை இனிமேல் ஓட்டலாம்.


பிப். 15, ஞாயிறு

பூசை. வந்து படுத்தேன். பிறகு பாடம்.

எலியைப் பிடிப்பது. கை நடுங்கினால் திரையில் அம்பும் நடுங்குகிறது. பிரின்சி சீட்டு விளையாட்டு ஒன்றைத் திறந்து கொடுத்து, "ஆயா, இத்த ஆடிகினே இரு, கை பழகிடும்" என்றாள். ஆடினேன். பொழுது போனதே தெரியவில்லை. அது ஒரு பாவம்.

ஒரு தடவை தட்டினால் தொடுவது. இரண்டு தடவை தட்டினால் திறப்பது. மெதுவாகத் தட்டினால் அது இரண்டு தனித்தட்டு, திறக்காது. இவ்வளவுதான் இன்றைக்கு.


பிப். 16, திங்கள்
வெயில் தொடங்கிவிட்டது. மாசியிலேயே இப்படி.

பாஸ்வேர்டு. எழுத்து மட்டும் அடிக்கிற கருப்பு ஜன்னல் ஒன்றைத் திரையில் திறந்து, அதில் ஒன்று செய்யச் சொல்லி பிரின்சி காட்டினாள். பாஸ்வேர்டு அடிக்கச் சொல்கிறது, அடித்தால் ஒரு எழுத்தும் விழவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பெட்டி கெட்டுவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

"கெடல ஆயா. அது காட்டாது. நீ பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டு."

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாது. என் மாமியார் ஞாபகம் வந்தது.

பீட்டர் போனில் சொன்னான், இந்த லினக்ஸ் சரியில்லை, வேறு ஒரு ஜாதி லினக்ஸ் இருக்கிறது, அது இன்னும் வேகம். கவிதாவிடம் கேட்டதற்கு, "வாரத்துக்கு ஒன்னு மாத்தாதீங்க ஆச்சி. இருக்கத வச்சி ஒரு வேலைய முழுசா செஞ்சி பழகுங்க, மத்தது தானா வரும்" என்றாள். என் வேலை ஒன்றுதான். பென்டிரைவைத் திறக்க, நம்பரைத் தட்ட, ஒயரைக் காதில் மாட்ட.

சத்தத்தைத் தொடவில்லை. படங்களைத் திறந்து பழகினேன். அவையும் நம்பர்தான். ஆதார் நகல். சேவியர் வேலை பார்த்த லேத் பட்டறையில் ஒரு இரும்புச் சாமானை நான்கு பக்கமும் எடுத்த படம். கேஸ் ரசீது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தி. அவன் முகம் எதிலும் இல்லை, எடுத்தவன் அவன்.


பிப். 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். பிரின்சி மத்தியானமே கழுவிவிட்டாள், காலேஜில் கேட்கிறார்களாம்.

பெட்டியில் சத்தம் வருகிறதா என்று தெரியாமல் 21ஆம் தேதி போய் உட்கார முடியாது. ஆனால் சத்தம் கேட்கக் கூடாது. ஸ்டெல்லா, "நீ வெளிய போ அத்தே, நான் எதுனா ஒரு மணிச் சத்தம் வெச்சிப் பாக்கறேன்" என்றாள். வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். வரவில்லையாம். பெட்டி ஊமை.

கவிதாவுக்கு பிரின்சி, "சவுண்ட் வரல அக்கா" என்று எழுதினாள். "வரலன்னா எனக்கு எப்படித் தெரியும்? என்ன செஞ்ச, என்ன நடந்துச்சு, திரைல என்ன வார்த்தை வந்துச்சு, அத அப்படியே எழுது" என்று பதில். ஸ்டெல்லாவுக்கும் இது பொருந்தும். ஒன்னும் சரியில்ல அத்தே என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

சரியாக எழுதிக் கேட்டார்கள். சத்தம் வேறு வழியில் போகும்படி உள்ளே குறித்திருந்ததாம். மாற்றியதும் வந்தது. குழாயடி வரைக்கும் மணிச் சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.


பிப். 20, வெள்ளி

நாளைக்கு வேண்டியவை. சாமியாரிடம் பெயர் சொல்லியாயிற்று. கல்லறைக்கு மெழுகுவத்தி, சாமந்தி மாலை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏழைகளுக்குக் கொடுக்க சாப்பாட்டுப் பொட்டலம், பீட்டர் பொறுப்பு. சைவம்தான், தவக்காலம். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையைத் துவைத்துப் போட்டாள்.

ஸ்டெல்லா சாயந்திரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தே, எனுக்குப் பேசினத நீ கேக்கறியா? என் போன்ல கீது. உன்னுது கெடைக்கலனா..."

"உனுக்குச் சொன்னத நான் இன்னாத்துக்குக் கேக்கணும்."

"கொரலாவது கேக்கலாமே."

எழுந்து போய் விளக்கைப் போட்டேன். நல்ல பெண்தான். அழிச்சிடுங்க மேடம் என்று சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது. இரண்டும் ஒரே பெண் என்று ஒத்துக்கொண்டேன். குறித்து வைத்தவர்களில் ஸ்டெல்லாவை மன்னித்து விட்டுவிட்டேன்.

ஒன்றும் தோன்றவில்லை. பசி இருக்கிறது, சாப்பிட்டேன். தூக்கம் வருகிறது.


பிப். 21, சனி
வெயில். காற்றே இல்லை.

வருஷப் பூசை முடிந்தது. சேவியர் ஆன்மா இளைப்பாற என்று சாமியார் வாசித்தார். கல்லறைக்குப் போய் மாலை போட்டோம். கவிதாவும் வந்திருந்தாள், பின்னால் நின்றாள். பொட்டலத்தைக் கொடுத்து முடித்து பீட்டர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்ததும் என் காலைத் தொட்டான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை. தலையில் கை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறையில் பெட்டியைத் திறந்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். பென்டிரைவைச் சொருகி, ஒயரைக் காதில் மாட்டினேன். மேலேயிருந்து ஒவ்வொரு நம்பராகத் தட்டினேன்.

கோயில் பாட்டுக் குழுவின் ஒத்திகை. யாரோ பஸ் எப்போது வரும் என்று கேட்பது. லேத் ஓடுகிற சத்தம், எதற்கு எடுத்து வைத்தானோ. சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டு. ஸ்டெல்லா என்று ஆரம்பித்தது ஒன்று, உடனே மூடினேன். பிரின்சி சின்னப் பிள்ளையாக ஜெபம் சொல்வது. வெறும் இரைச்சல் நிறைய.

ஸ்டெல்லா கதவுக்கு வெளியே சோறு வைத்துவிட்டுப் போனாள். எடுக்கவில்லை.

என்னுடையது பட்டியலின் கடைசியில் இருந்தது.

நாற்காலி இழுபடுகிறது. இருமல். அவன் குரல். பழைய குரல், ஆபரேஷனுக்கு முன்னால் இருந்தது.

"பிரின்சி, பட்டன அமுக்கிட்டியா? செரி, நீ வெளிய போ. கதவ சாத்து. ஆயா அடுப்படில கீது, காதுல வுழப் போவுது."

கதவு சாத்துகிறது. மூச்சு இழுக்கிறான்.

"ம்மா."

அதோடு கரகரவென்று இரைச்சல். முடியும் வரைக்கும் இரைச்சல்தான்.

மறுபடி தட்டினேன். அதேதான். ஸ்டெல்லாவிடம் இருந்த பென்டிரைவை வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதேதான். கவிதாவுக்குப் போன் போட்டு, இன்ன நம்பர், இவ்வளவு பேச்சு வருகிறது, அப்புறம் இரைச்சல் என்று சொன்னேன். மூன்றாவது நகலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"தலப்பக்கம் மட்டும் தப்பிச்சிருக்கு ஆச்சி. மிச்சம் இருந்த எடத்துல லினக்ஸ் உக்காந்துட்டு. இனி வராது."

"செரி."

"ஆச்சி, எம்மேல கோவம்னா திட்டிருங்க."

"உம்மேல இல்ல. நீ வந்த. வேல பாத்த. போய் சாப்டு."

உண்மைதான், அவள் மேல் இல்லை. பிரின்சி மேலும் இல்லை, அவள் சொன்னபடி கதவைச் சாத்தினாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சங்கரா மீன் குழம்பு. புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஆஸ்பத்திரிக்கு ஏதோ பேப்பர் பார்க்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். நடுவில் ஒரு பலகைக் கதவு. அன்றைக்கு அவனுக்குக் குரல் இருந்தது. எனக்குக் காது இருந்தது. வேறு எங்கும் போகவில்லை, அடுப்படியில்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் புளிக் கையோடு வந்திருப்பேன். என் காதில் விழக் கூடாது என்று என்னை வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டியதைப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறான்.

பெட்டியை பிரின்சியிடம் கொடுத்துவிட்டேன். ப்ராஜக்ட் செய்யட்டும். சோறு ஆறிப்போயிருந்தது, சாப்பிட்டேன்.

மற்ற எல்லாரையும் விட்டாயிற்று. ஒருவனை மன்னிக்க மாட்டேன். சேவியரை.